இன்றைக்கு ஒரு நாள் மட்டும்

செம்பாயி அம்மையின் நூற்றாண்டு விழாவன்று, காலை எட்டு மணிக்குள்ளேயே நல்லுச்சாமிக்குத் தன் குருவின் மேல் மூன்று முறை எரிச்சல் வந்துவிட்டது.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவுக்கு ஐம்பதுகூட நிறையவில்லை. பெயர் தவமணி. பத்து வயதில் செம்பாயி அம்மையிடம் வந்து சேர்ந்து, அம்மை கண்ணை மூடும்வரை கூடவே இருந்தவர். கொடிக்கால்மங்கலம் கீழத்தெருவில் அம்மை விட்டுப்போன ஓட்டு வீட்டை ஊரார் மடம் என்றார்கள். அதில் இருந்த தவமணியைக் குரு என்றார்கள். தவமணி வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

நல்லுச்சாமி அவரை 'அம்மா' என்பார். அவர் நல்லுச்சாமியை 'அண்ணே' என்பார்.

அன்று காலை நல்லுச்சாமி சலவை வேட்டியும் கையில் முப்பது பக்கப் பேச்சுமாக மடத்துக்குள் வந்தார். தவமணி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அம்மைக்கு நாம செய்யற உண்மையான மரியாதை எது? ஒரே ஒரு வரி சொல்லுங்க. அதை வச்சுப் பேச்சை ஆரம்பிச்சுடறேன்."

"சுடுகாட்டுக் கொட்டகையில நாலு ஓடு போயிருக்குண்ணே. மழைக்கு முன்னாடி மாத்தணும்."

இது முதல் எரிச்சல். மனிதர் நூற்றாண்டு விழாவைப் பற்றிக் கேட்கிறார், இந்தம்மா ஓட்டைப் பற்றிப் பேசுகிறது! எட்டு மாதமாக இதே கதைதான். எதைக் கேட்டாலும் எதையாவது சொல்வது.

"சரி, அதை அப்புறம் பார்ப்போம். பத்தரைக்குக் கலெக்டர் வர்றாரு. நீங்க முன்வரிசையில வந்து உட்காரணும்."

"முன்வரிசை எங்க போட்டிருக்கீங்க?"

"தேரடித் தெருவுல. தெருவுக்கு நட்டநடுவுல."

"பள்ளிக்கூட மைதானம் காலியாத்தானே கெடக்கு?"

நல்லுச்சாமிக்குச் சுருக்கென்றது. இது இரண்டாவது. "என்னம்மா நீங்களே இப்படிக் கேக்குறீங்க? அம்மை மைதானத்துலயா உட்கார்ந்தாங்க? தெருவுல உட்கார்ந்தாங்க. எந்த இடத்துல உட்கார்ந்தாங்களோ அதே இடத்துல மேடை போட்டிருக்கேன். ஒரு அங்குலம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது. பழைய ஆளுங்களைக் கூட்டிட்டுப் போயி, கயிறு புடிச்சு அளந்து போட்டது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த இடத்துக்கு ஒரு கதை இருக்கிறது, அதை இங்கே சொல்லாமல் போனால் மற்றது விளங்காது. ஊரின் சுடுகாடு மேற்கே. கீழத்தெரு கிழக்கே. நடுவில் தேரடித் தெரு. அந்தக் காலத்தில் கீழத்தெருப் பிணம் அந்தத் தெரு வழியாகப் போகாது. வயலில் இறங்கி, வரப்பில் தடுமாறி, வாய்க்காலில் இறங்கி ஏறிச் சுற்றிக்கொண்டுதான் போகும். ஓர் ஐப்பசி வெள்ளத்தில் செம்பாயியின் மாமியாரைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்கள். தண்ணீர் பாடையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. மூன்று மைல் தள்ளி மதகில் கிடந்தாள் அந்தக் கிழவி. மறுவருஷம் செம்பாயியின் புருஷன் செத்தபோது, "என் புருஷன் தெருவழியாத்தான் போவான்" என்று சொல்லிவிட்டாள். பெண்பிள்ளையாயிருந்தும் அவளே முன்பக்கம் தோள் கொடுத்தாள். தெரு நடுவில் மறித்தார்கள், அடித்தார்கள். அவள் பாடையை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. நாலாம் நாள் கலெக்டரே வந்து உத்தரவு போட்டார். அன்றைக்குத் திறந்த தெரு.

அந்த இடத்தில்தான் இப்போது மேடை. மேடைக்கு முன்னால் ஐநூறு நாற்காலி. தெருவின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் பந்தல்.

தவமணி முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "மேடைக்கு அந்தாண்ட போகணும்னா எப்படிண்ணே போறது?"

"இன்னைக்கு யாரும்மா அந்தாண்ட போகப் போறாங்க?"

தவமணி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு மறுபடியும் கல் பொறுக்கப் போய்விட்டார்.

இது மூன்றாவது எரிச்சல். குரு என்றால் பதில் சொல்ல வேண்டும். இல்லை, தெரியாது என்றாவது சொல்ல வேண்டும். இப்படி முகத்தைப் பார்த்துவிட்டு அரிசியைப் பார்ப்பது என்ன வழக்கம்? நல்லுச்சாமி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

வெளியே வந்தவர் காதில் பறைச் சத்தம் விழுந்தது. விழாவுக்குச் சொல்லியிருந்த மேளம் ஒன்பது மணிக்கல்லவா? இப்போதே என்ன அடி என்று திரும்பிப் பார்த்தார். கீழக்கோடியில் சீரங்கன் வீட்டு வாசலில் ஆட்கள் நின்றார்கள். கிணறு வெட்டுகிற சீரங்கன் விடியற்காலையில் போய்விட்டான்.

"இன்னைக்கா!" என்றார் நல்லுச்சாமி, வாய்விட்டே.

பாவம், அவர் கெட்ட மனுஷன் இல்லை. சாவுக்கு வருத்தப்படத்தான் செய்தார். ஆனால் எட்டு மாத அலைச்சல் ஐயா! கலெக்டர் ஆபீஸ் படியை எத்தனை தரம் ஏறி இறங்கியிருப்பார். திறந்து வைக்க வேண்டிய படத்துக்கு மட்டும் மூன்று ஓவியர்களை மாற்றினார். எண்பது வருஷம் உயிரோடு இருந்த மனுஷன் இன்னும் ஒரு நாள் இருந்திருக்கக் கூடாதா?

நேரே இழவு வீட்டுக்குப் போனார். சீரங்கன் மகள் செல்லக்கிளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓயட்டும் என்று பொறுத்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கும்மா எடுக்கறீங்க?"

"தம்பி திருப்பூர்ல இருந்து பஸ் ஏறிட்டான் சித்தப்பா. பத்து பத்தரைக்கு வந்துருவான். வந்ததும் எடுத்துடலாம்னு."

பத்தரை! நல்லுச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லம்மா, அதே நேரத்துலதான் விழா. தெரு பூரா பந்தல். நல்ல காரியம், பெரியவங்கள்லாம் வர்றாங்க. அதான் என்ன சொல்றேன்னா, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வாய்க்கால் கரை வழியா சுத்திப் போயிடுங்க. வண்டி நான் சொல்லிடறேன். பூ, பொரி எல்லாம் நம்ம கமிட்டி பொறுப்பு."

செல்லக்கிளி யோசிக்கவேயில்லை.

"ஆகட்டும் சித்தப்பா. அம்மை காரியத்துக்கு நாங்க குறுக்க நிப்பமா?"

அப்பாடா என்றிருந்தது அவருக்கு. சீரங்கன் பெண்சாதி தலைமாட்டில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் ஒரு வார்த்தை கேட்டாள்.

"வாய்க்கால்ல தண்ணி இருக்கா?"

"தண்ணியெல்லாம் இல்ல ஆத்தா. இப்ப தார் ரோடு. வண்டியே போகும்."

கிழவி தலையை ஆட்டிக்கொண்டாள். நல்லுச்சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். எவ்வளவு பெரிய சிக்கல், எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது! இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மடத்துக்குப் போனார்.

"அம்மா, சீரங்கன் தவறிட்டாரு."

"கேள்விப்பட்டேன். கிளம்பிட்டுத்தான் இருக்கேன். எப்ப எடுக்கறாங்க?"

"பத்தரைக்கு. கவலைப்படாதீங்க, நான் பேசி முடிச்சுட்டேன். வாய்க்கால் கரை வழியா போறாங்க. முழு மனசோட ஒத்துக்கிட்டாங்க. ஒரு சண்டை இல்ல, சச்சரவு இல்ல."

தவமணி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். வைத்தார் என்ன, போட்டார். பொறுக்கி வைத்த கல்லெல்லாம் மறுபடி அரிசியோடு கலந்துபோனது.

"போச்சு" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நீங்க என்ன சொன்னீங்க, அவங்க என்ன சொன்னாங்க?"

நல்லுச்சாமி சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். தாலுகா ஆபீஸ் பழக்கம் அது.

"கெழவி ஏதும் கேக்கலியா?"

"வாய்க்கால்ல தண்ணி இருக்கான்னு கேட்டுச்சு."

தவமணி கண்ணை மூடிக்கொண்டார். நல்லுச்சாமிக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கும்மா இப்படி நிக்குறீங்க? நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? அந்தச் சீரங்கன் அம்மை கூட்டத்துக்கு ஒரு நாள் வந்தது கிடையாது. தெருவுல அம்மை அடிபட்டப்ப ஆளு எங்கியோ கிணறு வெட்டிட்டு இருந்தாரு. வந்தப்புறமாவது ஒரு வார்த்தை விசாரிச்சாரா? சம்பாதிச்சதைக் குடிச்சே தீர்த்த ஆளு. அவருக்காக அம்மை விழாவைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அம்மை அந்தத் தெருவைத் தன் கூட்டத்துக்கு மட்டும்தான் வாங்கினாங்களாண்ணே?"

"அதுக்கில்லம்மா..."

"மைக் செட்டு கட்டியாச்சா?"

"கட்டியாச்சு. ஏன்?"

"வாங்க."

தவமணி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தார். நல்லுச்சாமி பின்னால் ஓடினார். இந்த அம்மாவுக்கு இன்றைக்கு என்ன வந்துவிட்டது? நல்ல நாளும் அதுவுமாக மனுஷனை இப்படி வாட்டுவதா?

தேரடித் தெருவில் பந்தல்கார சவரிமுத்து கடைசித் தோரணத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய வீட்டு வைத்திலிங்கம் தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர். செம்பாயி தெருவை மறித்து உட்கார்ந்த காலத்தில் அவருடைய அப்பாதான் ஊர்ப் பெரியதனம். மகன் அந்த மாதிரி இல்லை. இந்த விழாவுக்கு மோர்ப்பந்தல் அவருடையதுதான். தெருவில் ஜனங்கள் வர ஆரம்பித்திருந்தார்கள்.

தவமணி மேடையைக் காட்டினார்.

"ஏறுங்க. செல்லக்கிளிகிட்ட என்ன சொன்னீங்களோ, அதை மைக்குல சொல்லுங்க."

"எதுக்கும்மா?"

"இழவு வீட்டுல சொன்னது நாலு பேருக்குத்தானே கேட்டுருக்கும். ஊருக்கும் தெரியட்டும். நல்ல சேதிதானே?"

நல்ல சேதிதான். நல்லுச்சாமி விறைப்பாக ஏறினார். மைக்கைத் தட்டினார். நாலு மூலையிலும் குழாய்கள் கரகரத்தன. அவருக்கு மேடைத் தமிழ் தானாக வந்தது.

"சீரங்கன் குடும்பத்தாருக்கு விழாக் குழுவின் பணிவான வேண்டுகோள். தெருவில் ஒரு நல்ல காரியம் நடக்கிறது. பெரியவர்கள் வருகிறார்கள். ஆகவே தயவுசெய்து, இன்றைக்கு ஒரு நாள் மட்டும், வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போய்விடுங்கள். வேண்டிய உதவிகளை நாங்களே செய்து தருகிறோம்."

குழாய்களில் அது போய்த் தெருக்கோடியில் முட்டித் திரும்பி வந்தது.

வைத்திலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"அடடா, அடடா! என்னா குரலுய்யா நல்லுச்சாமி! கண்ணை மூடிட்டுக் கேட்டேன். எங்கப்பா பேசறாப்பலயே இருந்துச்சு!"

நல்லுச்சாமி மைக்கை விட்டுக் கையை எடுத்தார்.

"சத்தியமா சொல்றேன்யா. இதே இடத்துல நின்னுதான் சொல்லுவாரு. 'நல்ல காரியம் நடக்குது, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் சுத்திப் போயிருங்கப்பா'ன்னு. கோபமா ஒரு சொல்லு வராது. ஒரு நாள் தேரு நிக்கும். ஒரு நாள் எங்க வீட்டுக் கல்யாணம். அறுப்புக் காலத்துல தெரு பூரா நெல்லு காயும். என்னைக்குமே போகக் கூடாதுன்னு மனுஷன் சொன்னதே இல்ல. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்பாரு, அவ்வளவுதான். வாய்க்கரிசி, கோடித்துணி எல்லாம் எங்க வீட்டுல இருந்துதான் போகும். தங்கமா பேசுவாரு!"

சொல்லிவிட்டு அவர் திருப்தியாக உட்கார்ந்துகொண்டார். தன் அப்பாவைப் புகழ்ந்தாரா நல்லுச்சாமியைப் புகழ்ந்தாரா என்பது அவருக்கே தெரியாது. இரண்டு பேரையும் சேர்த்தேதான் புகழ்ந்தார்.

மைக் மட்டும் உய்ங்கென்று இரைந்துகொண்டிருந்தது.

நல்லுச்சாமி மேடையை விட்டு இறங்கினார். முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். வேட்டி மடிப்பைத் தடவிக்கொண்டார். ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் யார் யாரோ திட்டியிருக்கிறார்கள், ஒருவர் காகிதத்தைக்கூட முகத்தில் எறிந்திருக்கிறார். அதெல்லாம் இப்படி வலித்ததில்லை. அவர் அப்பா செத்தபோது இந்தத் தெரு வழியாகத்தான் போனார். பேச்சின் நாலாம் பக்கத்தில் அதை எழுதி வைத்திருக்கிறார், அந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அடிக்கோடும் போட்டிருக்கிறார்.

"இப்ப என்னம்மா பண்றது?"

"என்னைக் கேட்டா? நானா கட்டினேன்?"

"மணி ஒன்பதரை ஆச்சு. கலெக்டர் கிளம்பியிருப்பாரு."

"பையனும் பஸ்ஸுல வந்துக்கிட்டுத்தான் இருக்கான்."

"ஏதாச்சும் ஒரு வழி சொல்லுங்கம்மா!"

"வழியைத்தானேண்ணே கயிறு புடிச்சு அளந்து அடைச்சு வச்சிருக்கீங்க!"

நல்லுச்சாமி எழுந்தார், உட்கார்ந்திருந்த நாற்காலியை மடக்கினார், பக்கத்து நாற்காலியை மடக்கினார், இரண்டையும் கையில் தூக்கிக்கொண்டார்.

"சவரிமுத்து! பிரிங்க!"

சவரிமுத்து ஏணியிலேயே நின்றார். "என்னத்தைப் பிரிக்க?"

"எல்லாத்தையும். மேடை, பந்தல், எல்லாத்தையும்."

"யோவ், என்னய்யா விளையாடுறீங்களா? ராவெல்லாம் கண்ணு முழிச்சுக் கட்டியிருக்கேன். இப்பதான் கடைசி முடிச்சு போட்டேன்!"

"அந்த முடிச்சையே முதல்ல அவிழுங்க."

"மேடை போடு மேடை போடுன்னு மனுஷன் உசிரை வாங்கினது யாரு? அங்குலம் அங்குலமா நகத்தச் சொன்னது யாரு?"

"நான்தான்! பிரிய்யா!"

கமிட்டிக்காரர்கள் ஓடிவந்தார்கள். கலெக்டருக்கு என்ன பதில் சொல்வது, பத்திரிகைக்காரர்களை எங்கே உட்கார வைப்பது என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். நல்லுச்சாமி நாற்காலிகளை இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் அடுக்கினார். நாலாவது நடையில் சலவை வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. அதையும் பார்க்கவில்லை. கத்திக் களைத்தவர்களில் இரண்டு பேர் தாமும் நாற்காலி தூக்க வந்தார்கள். பிறகு விழாவுக்கு வந்த ஜனமே வந்தது.

வைத்திலிங்கம் கலங்கிப்போய்க் கேட்டார். "ஏன்யா பிரிக்கிற? நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

"நீங்க ஒண்ணும் தப்பா சொல்லலீங்க."

"பிறகு ஏன்யா?"

"காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க, பலகை வருது."

எல்லாவற்றுக்கும் கடைசியாக மைக்கைக் கழற்றப் போனார்கள். நல்லுச்சாமி தடுத்தார். பலகை இல்லாத மேடையின் இரும்புக் கம்பியில் ஒரு காலை வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார். இந்தத் தடவை மேடைத் தமிழ் வரவில்லை.

"செல்லக்கிளி, சித்தப்பா பேசறேன். வண்டி வேணாம்மா. சீரங்கண்ணனைத் தோள்லயே கொண்டாங்க. தெருவழியா வாங்க. ஆத்தாகிட்டயும் சொல்லு, தெருவழியான்னு. நான் காலையில சொன்னது..." கொஞ்சம் நிறுத்தினார். "நான் காலையில சொன்னதை மன்னிச்சுக்குங்க."

கழற்றிக்கொள்ளச் சொன்னார்.

பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் சவரிமுத்து கடைசிக் கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி ஒதுங்கினார். அம்மையின் படத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒருவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

மேலக்கோடியில் சைரன் சத்தம் கேட்டது. கலெக்டர் காரை விட்டு இறங்கினார். சின்ன வயதுக்காரர். காலித் தெருவைப் பார்த்தார், சுவரோரம் அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்தார், கிழிந்த வேட்டியோடு வியர்த்து வழிந்து நின்ற நல்லுச்சாமியைப் பார்த்தார்.

"விழா எங்க சார்?"

நல்லுச்சாமி "ஒரு நிமிஷங்கய்யா" என்று கும்பிட்டுவிட்டுத் தவமணியிடம் ஓடினார்.

"அம்மா, கலெக்டர் வந்துட்டாரு. விழா எங்கன்னு கேக்குறாரு. என்னன்னு சொல்லட்டும்?"

தவமணி கீழக்கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பறைச் சத்தம் முனை திரும்பித் தெருவுக்குள் வந்துவிட்டது. நாலு தோளில் சீரங்கன் வந்துகொண்டிருந்தான்.

"வந்துக்கிட்டிருக்குன்னு சொல்லுங்க. அவரைக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்க."